ஆணையர் கேட்கக்கூடாதவை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வேலை பார்த்த ஸ்டானிஸ்லாஸோடு தினமும் ஏராளமான பேர் பேசினார்கள். எல்லோரும் பேசியது ஒரே வாக்கியம்தான்: "யோவ், கேட்டத் தொறய்யா." இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டிகள் ஆற அமரக் கடந்து முடிக்கும்வரை சைக்கிள்காரர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வண்டி போனதும் அவர் திறப்பார். அவர்கள் போய்விடுவார்கள்.

மனைவி ரோசி மஞ்சள் காமாலையில் இறந்த பிறகு அவரோடு வேறு வாக்கியங்கள் பேசியது மகள் ஆலிஸ் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கேட் குடிசைக்கு வந்து, தண்ணீர்ப் பானையின் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொல்வாள். ரயில் வரும்போது மட்டும் நிறுத்துவாள். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து ஆரம்பிப்பாள்.

1972ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது.

அவள் படித்த பள்ளி தண்டையார்பேட்டையில் இருந்த முத்தமிழ்மணி உதவிபெறும் நடுநிலைப்பள்ளி. அதன் தலைமையாசிரியர் சண்முகவேல், வீட்டில் ரசம் வேண்டுமென்றாலும் இலக்கணத்தோடு கேட்பவர் என்று பெயரெடுத்தவர். அந்த மாதம் பள்ளி ஆய்வாளர் வந்தார். வகுப்பில் முன்வரிசையில் இருந்த ஆலிஸைப் பார்த்து, "உன் தந்தை என்ன தொழில் செய்கிறார், குழந்தாய்?" என்று கேட்டார். ஆலிஸ் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"எங்க நைனா ரயில்வே கேட்டாண்ட கீறாரு சார். ரயிலு வந்தா சாத்துவாரு, போச்சின்னா தொறப்பாரு. நடுவுல குந்திகினு டீ குடிப்பாரு."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புதான். பிள்ளைகளும் சிரித்தார்கள், வகுப்பு ஆசிரியையும் சிரித்தார். சிரிக்காத ஒரே ஆள் சண்முகவேல். ஆய்வாளரின் ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் அவர் வகுப்புக்குத் திரும்பி வந்து ஆணையிட்டார். ஆலிஸ் செந்தமிழில் பிழையறப் பேசக் கற்றுக்கொள்ளும்வரை அவளோடு யாரும் பேசக்கூடாது. அவளும் யாரோடும் பேசக்கூடாது. அவளுடைய இடம் வராந்தாவில், சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சு.

இதை ஸ்டானிஸ்லாஸுக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ஜீனத். அவளுடைய மகளும் அதே வகுப்பு.

"இன்னாண்ணே, உனுக்கு விசயமே தெர்யாதா? பொண்ண வராண்டால தனியா குந்த வெச்சிகீறாங்கோ. எம்பொண்ணு போயி பென்சில் கேட்டுதுன்னு அதயும் முட்டி போட வெச்சிட்டாங்கோ."

"அதான் ரெண்டு நாளா வாயே தொறக்கல" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நான் தொண்ட கட்டிக்கிச்சோன்னு மெளகு பால் காச்சிக் குட்த்துகினு கீறேன்."

மறுநாள் இன்னொரு ஆளைக் கேட்டில் நிறுத்திவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். சண்முகவேல் அவரை மரியாதையாகவே உட்கார வைத்தார்.

"சார், பேசவே கூடாதுன்னா அப்பால எப்டி சார் அது நல்லா பேசக் கத்துக்கும்?"

"பிழையின்றிப் பேசத் தொடங்கிய மறுகணமே பேச அனுமதி உண்டு."

"பேசினாத்தானே சார் பிழை கீதா இல்லியான்னு தெரியும்?"

"பேசுவது விதிமீறல். விதிமீறலைக் கொண்டு தேர்ச்சியை அளக்க இயலாது. இது ஒரு கல்விக்கூடம்."

ஸ்டானிஸ்லாஸ் இதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரி இருந்தது.

"வூட்ல என்னாண்ட பேசலாமா சார்?"

சண்முகவேல் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "சுற்றுச்சுவருக்கு வெளியே நிகழ்வதில் யாம் தலையிடுவதில்லை. ஆயினும் தங்கள் மொழியைச் செவியுற்றபின் ஒரு வேண்டுகோள். அம்மாணவியின் முன்னேற்றம் கருதித் தாங்களும் சற்றே குறைத்துப் பேசுவது நலம்."

திரும்பும்போது வராந்தாவில் ஆலிஸின் முதுகு தெரிந்தது. ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. போய்க் கட்டிவிடலாமா என்று நினைத்தார். அப்படிப் போனால் அவளைத்தான் முட்டி போட வைப்பார்களோ என்ற பயத்தில் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் பேசலாம் என்ற அனுமதியை அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னார். பயனில்லை. அவள் வாயைத் திறப்பாள், வரப்போகிற சொல் சரியா தப்பா என்று யோசிப்பாள், மூடிக்கொள்வாள். அப்பா பேசுவதும் தப்பு என்று அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது. ஒருநாள் ஸ்டானிஸ்லாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகளே, நீ சோறு உண்கிறாயா?" என்று கேட்டுப் பார்த்தார். அவள் பயந்துபோய் அவர் நெற்றியில் கை வைத்துச் சுரம் இருக்கிறதா என்று பார்த்தாள். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டார்.

பள்ளி விட்டதும் கேட் குடிசைக்கு மட்டும் வழக்கம்போல வந்தாள். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்ப்பாள். அவர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். ரயில் வராத நேரத்தில் குடிசைக்குள் அவ்வளவு அமைதி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சாத்திய கேட்டின் வெளியிலிருந்து யாராவது "யோவ், தொறய்யா" என்று கத்தும்போது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஜீனத் ஒரு சேதி கொண்டுவந்தாள்.

"ராயபுரத்துல புச்சா ஒரு ஆபீசு தொறந்துகீறாங்கோண்ணே. இஸ்கோல்ல அநியாயம் நடந்துதுன்னா கேக்கறதுக்குன்னே ஒரு பெரிய ஆபீசராம். மந்திரி வந்து ரிப்பன் வெட்டிக்கீறாரு. இனிமே எந்தத் தாய்தகப்பனும் கண்ணு கலங்கத் தேவையில்லன்னு பேசினாராம்."

அலுவலகம் ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கிடங்கின் மாடியில் இருந்தது. வாசலில் பெரிய பலகை: "பள்ளிக் குறைகேள் ஆணையர் அலுவலகம். பொதுமக்கள் தயங்காமல் வரலாம்." அதன் கீழே சின்னப் பலகை: "அனுமதியின்றி மேலே வரக்கூடாது." ஸ்டானிஸ்லாஸ் இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் படிக்கட்டின் நடுவில் நின்றார். மேலேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "மனு கொடுக்க வந்தீங்களா? வாங்க, வாங்க!" என்று கல்யாண வீட்டில் வரவேற்பது போலக் கூப்பிட்டார்.

அவர் அலுவலகக் கண்காணிப்பாளர் தங்கபுஷ்பம். அலுவலகம் திறந்த நாளிலிருந்து வந்த முதல் மனுதாரர் ஸ்டானிஸ்லாஸ். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். டீ வந்தது. பியூன் தூரத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சொன்னதையெல்லாம் தங்கபுஷ்பம் அக்கறையாகக் கேட்டார். இடையில் ஒருமுறை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க ஆணையர் பள்ளிக்கூடம் சம்பந்தப்பட்ட எல்லாக் குறையையும் விசாரிக்கலாம்."

"ரொம்ப நல்லதும்மா."

"சில விதிவிலக்கு மட்டும் இருக்கு. பாடம், பரீட்சை, தண்டனை, ஆசிரியர், கட்டணம், கட்டடம், மதிய உணவு இதையெல்லாம் விசாரிக்க முடியாது. உதவிபெறும் பள்ளியோட உள்நிர்வாகம் முடியாது. கோர்ட்டுல இருக்கிறது முடியாது. கோர்ட்டுக்குப் போகக்கூடியதும் முடியாது. வேற அதிகாரி விசாரிக்கக்கூடியது முடியாது. வேற அதிகாரி விசாரிக்க மாட்டேன்னு சொன்னதும் முடியாது, அது அவரை அவமதிக்கிற மாதிரி ஆயிடும்."

"அப்போ மீதி இன்னாம்மா கீது?"

"மீதி எல்லாமே இருக்கு."

"அதான், இன்னா?"

தங்கபுஷ்பம் சன்னல் வழியாக வெளியே பார்த்தார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. இதுவரை யாரும் அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"சுவருக்கு உள்ள நடக்கிறது கல்வித்துறை. வெளிய நடக்கிறது போலீஸ்" என்றார் மெதுவாக.

"கேட்டுல நடந்தா?"

"கேட் பொதுப்பணித்துறை."

கேட் விஷயத்தில் ஸ்டானிஸ்லாஸுக்கு அனுபவம் உண்டு. "தொறந்து கீறப்போவா, சாத்திகீறப்போவா?"

"அதுல தெளிவு இல்லை. மேலே கேட்டு எழுதியிருக்கோம்."

இரண்டு பேரும் டீயைக் குடித்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் எழுந்து கும்பிட்டபோது தங்கபுஷ்பத்துக்கு மனசு கேட்கவில்லை. முதல் மனுதாரரை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்கும் வருத்தமாக இருந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பெற்றோர் எழுதிய கடிதத்துக்குப் பள்ளி உரிய காலத்தில் பதில் போடவில்லையென்றால் அது நிர்வாகத் தாமதம். அதை ஆணையர் விசாரிக்கலாம்.

"நீங்க பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அவங்க பதில் போடாம இருக்கணும். போடாம இருந்துட்டா நம்ம கையில மாட்டினாங்க."

ஸ்டானிஸ்லாஸ் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே பள்ளி ஊழியர் கேட் குடிசைக்கு வந்து பதிலை நீட்டினார். "தங்கள் மடல் கிடைக்கப்பெற்றோம்." வேறு ஒன்றும் அதில் இல்லை. தங்கபுஷ்பம் உதட்டைப் பிதுக்கினார். இதைவிட விரைவான பதில் இருக்க முடியாது. ஸ்டானிஸ்லாஸ் இன்னொரு கடிதம் எழுதினார். "தங்கள் முந்தைய மடலுக்கு ஏற்கெனவே மறுமொழி விடுக்கப்பட்டது" என்று அதற்கும் உடனே பதில் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டு, மாதாவே, அந்தத் தலைமையாசிரியருக்குச் சோம்பேறித்தனத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டார். மாதா அந்த மாதிரி வரம் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

வழி சொன்னது ஜீனத்தான். "கால் பரீட்ச லீவு வுடுவாங்கோ இல்ல, அன்னிக்கு சாயங்காலமா போயி அவங்க தபால் பெட்டில போட்டுட்டு வந்துரு. அத்தினி நாளும் கடுதாசி பெட்டிக்குள்ளயே தூங்கும். எவன் பதில் போடுவான்?"

அப்படியே நடந்தது. பள்ளி பூட்டிக் கிடந்தது. கடிதம் பெட்டிக்குள் கிடந்தது. லீவு நாட்களில் ஆலிஸ் காலையிலிருந்தே குடிசையில் உட்கார்ந்திருந்தாள். தெருப்பிள்ளைகள் பாண்டி ஆடக் கூப்பிட்டார்கள். போனாள். ஆட்டத்தில் அவள் கோட்டை மிதித்துவிட்டாளா இல்லையா என்று சண்டை வந்தபோது அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. சாயங்காலங்களில் தகப்பனும் மகளும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அந்தத் தொப்பிக்காரர் டெய்லி இந்நேரத்துக்கு வராரு பாத்தியா" என்பார் அவர். அவள் தலையை ஆட்டுவாள். அவர் கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுற்றுவார், பிரிப்பார், மறுபடியும் சுற்றுவார்.

லீவு முடிந்து பள்ளி திறந்தபோது தாமதம் ஏற்பட்டுவிட்டிருந்தது. தங்கபுஷ்பம் மகிழ்ச்சியில் மனுவின்மேல் இரண்டு முத்திரை குத்தினார். வழக்கு ஆணையரின் முன்னால் வந்தது.

ஆணையர் கலீலுல்லா ஓய்வுபெற்ற நீதிபதி. ஒல்லியான, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். மனைவி இல்லை. மகன் பம்பாயில். ராயபுரத்தில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் தனியாக இருந்தார். பதவி ஏற்றதிலிருந்து எந்தப் பள்ளியோடும் தொடர்புடைய யாரோடும் பேசக்கூடாது என்பது விதி. எல்லாருக்கும் ஏதாவது ஒரு பள்ளியோடு தொடர்பு இருந்தது. அதனால் வீட்டுக்காரரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கொடுக்கப்பட்ட எல்லைக்குள் என் அதிகாரம் எல்லையற்றது" என்று அவர் ஆரம்பித்தார். "நீங்கள் பயப்படாமல் பேசலாம். என்ன நடந்தது?"

"சார், எம்பொண்ணு ஆலிஸு..."

தங்கபுஷ்பம் மேசைமேல் இருந்த மணியை அடித்தார். "ஐயா, பெண்ணைப் பத்தினது எல்லைக்கு வெளியே."

ஆணையர் சங்கடப்பட்டார். "ஆமாம். நான் அதைக் கேட்கக்கூடாது. கேட்டால் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது."

"அத்த சொல்லாம கடுதாசி எதுக்குப் போட்டேன்னு எப்டி சார் சொல்றது?"

இந்தக் கேள்வியைப் பற்றி ஆணையரும் தங்கபுஷ்பமும் தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஆலோசித்தார்கள். மனுதாரர் தம் குறையை முழுதாகச் சொல்ல உரிமை உண்டு. ஆணையர் அதைக் கேட்க உரிமை இல்லை. கடைசியில் ஆணையர் எழுந்தார். "நான் பால்கனியில் இருக்கிறேன். எல்லைக்கு வெளியே உள்ளதை நீங்கள் சொல்லி முடித்ததும் மணியடியுங்கள். வந்துவிடுகிறேன்."

அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கபுஷ்பமும் விதிப்படி வெளியே போனார்.

ஸ்டானிஸ்லாஸ் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சும்மா மணியடித்திருக்கலாம். ஆனால் சொல்லச் சொன்னார்களே என்று சொல்ல ஆரம்பித்தார். பெஞ்சைப் பற்றிச் சொன்னார். அவிழ்ந்த ரிப்பனைப் பற்றிச் சொன்னார். ரோசி இருந்தால் அவளுக்கு எதிரில் ஆலிஸ் வாய் திறந்திருப்பாள் என்றும், தனக்கு எதிரில் திறக்கவில்லை என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்றும் சொன்னார். இதை அவர் ஜீனத்திடம்கூடச் சொன்னதில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆணையர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பல்களைப் பார்த்தபடி நின்றார். ஸ்டானிஸ்லாஸ் மணியை அடித்தார்.

ஆணையர் திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே மேசையைப் பார்த்தார். முகமும் எல்லைக்கு வெளியேதான் இருந்திருக்க வேண்டும்.

"தாமதம் எத்தனை நாள்?" என்று கேட்டார்.

விசாரணைக்காக ஆணையர் பள்ளிக்கு நேரில் வந்தது நவம்பரில், மழை விட்ட ஒரு காலைப்பொழுதில். மனுதாரர் உடன் வரலாம். ஆனால் விசாரணை நடக்கும்போது ஆணையருக்கு அருகில் இருக்கக்கூடாது. ஆகவே ஸ்டானிஸ்லாஸ் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். கேட்டுக்கு வெளியே நிற்பது அவருக்குப் புதிய அனுபவமாக இருந்தது. கம்பி இடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது.

சண்முகவேல் ஆணையருக்கு ரோஜா மாலை போட்டார். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து வரவேற்புரை நிகழ்த்தினார்.

"மாண்புமிகு ஆணையர் அவர்களே! இப்பள்ளியில் குறை என்று ஒன்றைத் தாங்கள் தேடினாலும் காண இயலாது. இங்குப் பயிலும் எந்தக் குழந்தையும் இதுவரை குறை என்று வாய் திறந்ததில்லை. திறக்க யாம் விட்டதும் இல்லை. ஒழுக்கம் என்பது ஓசையின்மை. ஓசையின்மை என்பது மனநிறைவு. தாங்கள் எம் வகுப்புகளுக்குள் வர இயலாது என்பதை அறிவோம். தங்கள் சட்டம் தடுக்கிறது. எம் மாணவரோடு உரையாட இயலாது என்பதையும் அறிவோம். எமக்கும் தங்களுக்கும் கொள்கையில் வேறுபாடே இல்லை!"

கைதட்டல் எழுந்தது. ஆணையரும் மரியாதைக்காகத் தட்டினார்.

அவர் பார்க்க அனுமதிக்கப்பட்டவை இரண்டு: தபால் பெட்டி, அதன் சாவி. பெட்டியைப் பார்த்தார். சாவி வைத்திருந்த எழுத்தர் டிபன் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை ஆணையர் எங்கே உட்காருவது என்ற பிரச்சினை எழுந்தது. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்தால் எதிர்த்தரப்போடு நெருக்கம். ஆசிரியர் அறையும் அப்படியே. வகுப்பு கூடவே கூடாது. வராந்தாவில் உட்காரலாம். அங்கே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது.

ஆணையர் கழுத்தில் மாலையோடு அதன் ஒரு முனையில் உட்கார்ந்தார். மறுமுனையில் ஆலிஸ். சண்முகவேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேசக்கூடாதவளும் பேச முடியாதவரும்தானே என்று தைரியமாகத் தம் அறைக்குப் போய்விட்டார்.

வெளியிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய முதுகு, ஒரு சின்ன முதுகு. இரண்டுக்கும் முன்னால் சுவர். உள்ளே ஏதோ வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேரம் போனது. வாய்ப்பாடு முடிந்து அடுத்த வாய்ப்பாடு ஆரம்பித்தது. ஆணையர் ஒருமுறை தும்மினார். பிறகு சின்ன முதுகு திரும்பியது.

ஆலிஸின் வாய் அசைவதை அவர் பார்த்தார். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தனை தூரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய முதுகு கொஞ்சம் குனிந்தது. அவரும் ஏதோ சொன்னார். சின்ன முதுகு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்துக்கு வந்தது. அதன்பிறகு வாய் அசைந்துகொண்டே இருந்தது. இடது கை, வலது கை, தலை எல்லாம் சேர்ந்து அசைந்தன. ரயிலின் கடைசிப் பெட்டியும் போன பிறகு பேசுவாளே, அதே மாதிரி.

"டேய், அவ பேசறாடா!" என்று ஸ்டானிஸ்லாஸ் யாரிடமோ சொன்னார். பக்கத்தில் ஐஸ்காரர்கூட இல்லை.

சாவியோடு எழுத்தரும் அவருக்குப் பின்னால் சண்முகவேலும் வந்து பார்த்தபோது ஆணையர் சிரித்துக்கொண்டிருந்தார். மாலையிலிருந்து பிய்த்த ஒரு ரோஜா ஆலிஸின் கையில் இருந்தது.

என்ன பேசினாய் என்று அன்று சாயங்காலம் குடிசையில் மகளைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு வந்தது:

"அந்தத் தாத்தாவும் பேசாமயே குந்திகினு இருந்தாரு நைனா. பாவமா இருந்துச்சி. 'இன்னா தாத்தா, நீயும் தப்பா பேசிட்டியா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"'இல்லம்மா, நான் பேசவே இல்ல'ன்னாரு."

ஸ்டானிஸ்லாஸ் கொடியைச் சுற்றப் போனார். பாதியிலேயே அதைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முடிவுகள் வேகமாக வந்தன. ஆணையர் தம் அதிகாரத்தை மீறி ஒரு மாணவியோடு உரையாடினார், அதுவும் கொச்சை மொழியில் பேச ஊக்குவித்தார் என்று சண்முகவேல் மேலிடத்துக்கு எழுதினார். குறைகேள் அலுவலகம் தொடங்கியதிலிருந்து விசாரிக்கத் தடையே இல்லாத முதல் புகார் அதுதான். பாடம் இல்லை, பரீட்சை இல்லை, சுவர் இல்லை, கேட் இல்லை. ஓர் அதிகாரி பேசியிருக்கிறார். பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். கலீலுல்லா அந்த வாரமே விடுவிக்கப்பட்டார். விசாரணைக்குச் செல்லும் ஆணையர் இனிமேல் தமக்கான நாற்காலியைத் தாமே கொண்டுசெல்ல வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

ஸ்டானிஸ்லாஸின் வழக்கு வெற்றி பெற்றது. தங்கபுஷ்பம் கூப்பிட்டு அனுப்பித் தீர்ப்பைப் படித்துக் காட்டினார். "தாமதம் நிரூபணம் ஆயிடுச்சு. இனிமே பெற்றோர் கடிதத்துக்கு விரைவா பதில் போடணும்னு பள்ளிக்கு அறிவுரை வழங்கியிருக்கு. நம்ம அலுவலகத்தோட முதல் வெற்றி!" அவருடைய குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. மேசைமேல் சாக்லேட் வைத்திருந்தார்.

"பொண்ணு?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

தங்கபுஷ்பம் குரலைத் தாழ்த்தினார். "பேசுறாளாமே, கேள்விப்பட்டேன். எனக்கு அதைக் கேக்க அனுமதி இல்லை. கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்." சாக்லேட்டை அவர் கையில் திணித்தார். "பொண்ணுக்குன்னு கொடுக்கல. வச்சுக்குங்க."

ஆலிஸ் பிழையோடு பேசிவிட்டபடியால் அவளுடைய பேசாக்காலம் முதலிலிருந்து மறுபடி தொடங்கும் என்று பள்ளியிலிருந்து மடல் வந்தது. தாமதமே இல்லாமல் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் போய் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டார். அதில் நடத்தை என்ற இடத்தில் "மிகவும் அமைதியானவள்" என்று சண்முகவேல் தம் கையால் எழுதியிருந்தார். கொருக்குப்பேட்டை கார்ப்பரேஷன் பள்ளியில் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வராந்தா கிடையாது.

குறைகேள் அலுவலகத்தின் முதல் ஆண்டறிக்கை வெளியானது. வந்த புகார்களில் பள்ளிகளின் மீது கல்வி தொடர்பான குறை ஒன்றுகூட நிரூபிக்கப்படவில்லை என்றும், ஆகவே பள்ளிகள் சிறப்பாக நடக்கின்றன என்றும் அதில் கண்டிருந்தது. மந்திரி அதைப் பாராட்டிப் பேசினார்.

பிப்ரவரியில் ஒரு நாள் சாத்திய கேட்டுக்கு வெளியே வழக்கமான கூட்டம் நின்றது. "யோவ், தொறய்யா" என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓரமாகக் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் தாடி. ரயில் போயிற்று, கேட் திறந்தது, கூட்டம் கடந்தது. அவர் கடக்கவில்லை.

"சார், நீங்களா? எங்க போவணும் சார்?"

"எங்கேயும் இல்லை. சும்மாதான் வந்தேன்." கலீலுல்லா குடையின் பிடியைத் தடவினார். "இப்போது எனக்கு எல்லை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரரோடு பேசலாம் என்று பார்த்தேன். அவருக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது... குழந்தை பேசுகிறாளா?"

"ஐய, அத்த ஏன் கேக்கறீங்கோ? வாய மூடினாத்தானே! புது இஸ்கோல்ல கொழாயில தண்ணி வர்லயாம், டீச்சரு தூங்கறாங்களாம், கணக்குப் பொஸ்தகத்துல பக்கம் இல்லியாம். டெய்லி ஒரு கம்ப்ளெயிண்டு. இப்போ வர்ற நேரந்தான். குந்துங்கோ சார்."

குடிசையில் பெஞ்சு கிடையாது. பானையின் பக்கத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி அதில் கஷ்டப்பட்டு உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

ஆலிஸ் புத்தகப் பையோடு ஓடி வந்தாள். தாத்தாவைப் பார்த்ததும் ஆச்சரியப்பட நேரமில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பையைக் கீழே போடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தது. இந்த முறை அவள் நிறுத்தவில்லை. சக்கரச் சத்தத்தில் குடிசை நடுங்கியது, பானை மூடி ஆடியது. அவள் வாயும் கையும் அசைந்துகொண்டே இருந்தன. கலீலுல்லா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டி போயிற்று. ஆலிஸ் மூச்சு வாங்க நின்றாள்.

"ஒன்றுமே காதில் விழவில்லை, அம்மா" என்றார் அவர். "முதலிலிருந்து சொல்லு."